பழைய சைலன்சரில் படிந்த ஈயம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் .22 ரைஃபிளின் (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) குழலைச் சுத்தம் செய்வது பற்றி எழுதினோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழல் முனையில் மாட்டும் சைலன்சரைப் பற்றியவை. கேட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் சட்டப்படி பதிவு செய்து, பழைய சைலன்சரை வாங்கி வைத்திருப்பவர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

புதியவர்களுக்கு ஒரு வரி: சைலன்சர் என்பது ஒரு குழாய். அதற்குள் நடுவில் துளையிட்ட தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். இவற்றை பேஃபிள் என்பார்கள். தோட்டா துளை வழியாகப் போய்விடும். பின்னால் வரும் சூடான வாயு ஒவ்வொரு அறையிலும் தேங்கிச் சுழன்று, வேகமும் சூடும் குறைந்து வெளியேறும். வாயுவோடு வரும் ஈயமும் கரியும் உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: 1990-களில் செய்த .22 சைலன்சர் ஒன்றை டீலரிடம் வாங்கினேன். இரண்டு பக்க மூடியும் கழல்கிறது. உள்ளே இருக்கும் தட்டுகள் அசையவே இல்லை. மரக்குச்சி வைத்துத் தட்டிப் பார்த்தேன். இன்னும் பலமாகத் தட்டலாமா?
– வாசகர், டாலஸ்

தட்ட வேண்டாம். தட்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தெரிந்தால் ஏன் தட்டக்கூடாது என்பது புரியும்.

.22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவின் முனை பெரும்பாலும் வெறும் ஈயம். மேலே மெழுகோ மெல்லிய செம்புப் பூச்சோ இருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை சுடும்போதும் அதிலிருந்து துளி ஈயம் ஆவியாகவும் பொடியாகவும் கிளம்பி, குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் உறைந்துவிடுகிறது. அதிகம் சேர்வது ரைஃபிளை ஒட்டிய முதல் அறையில். பேஃபிளின் விளிம்புக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் இருக்கிற மயிரிழை இடைவெளியிலும் அது புகுந்து, பற்றவைத்த மாதிரி இறுகிக்கொள்ளும். பழைய மாடல்களில் பேஃபிள்கள் நேரடியாகக் குழாய்ச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் இந்தத் தொல்லை கூடுதல்.

ரைஃபிளை ஒட்டிய பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் பேஃபிளுக்கு முன்னால் குழாயின் உட்சுவரைச் சுற்றி சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும், தோசைக்கல்லின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டித்து நிற்பதுபோல. நகத்தால் கீறினால் வெள்ளியாகப் பளபளத்தால் அது ஈயம். கறுப்பாக உதிர்ந்தால் கரி. அந்த வளையம் இருக்கும்வரை பேஃபிள் அந்தப் பக்கமாக வெளியே வராது. வளையத்தில் முட்டிச் சாய்ந்து இன்னும் இறுகத்தான் செய்யும். நீங்கள் தட்டியபோது நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது இப்படி. ரைஃபிளில் தோட்டா இல்லை என்று தோட்டா அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் சரிபார்த்துவிட்டு சைலன்சரைக் கழற்றுங்கள். முன்மூடியில் இரண்டு சிறு குழிகள் இருந்தால் அதற்கான இரட்டை முள் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். குறடு வைத்தால் குழி சிதைந்து, அடுத்த முறை மூடியைத் திறக்க வழியிருக்காது. குழாயை வைஸில் நேரடியாகப் பிடிக்கவே கூடாது. சுவர் மெல்லியது, லேசாக நசுங்கினாலே உள்ளே இருப்பது நிரந்தரமாகச் சிறைப்பட்டுவிடும். ரப்பர் பட்டைக் குறடு போதும்.

பிறகு ஊறல். ஒரு முனையை ரப்பர் தக்கையால் அடைத்து, பின்பக்கம் மேலே இருக்குமாறு ஒரு டப்பாவில் நிற்க வைத்து, துருவிலக்கும் எண்ணெயை பேஃபிள் மூழ்கும்வரை ஊற்றுங்கள். குறைந்தது 2 நாள், 4 நாள் என்றால் இன்னும் நல்லது. இந்த வேலையில் பொறுமை காட்டுகிறவர்களின் சைலன்சர்தான் பிழைக்கிறது. ஊறிய பிறகு, எண்ணெய் ஈரம் காயாமலே, பித்தளைச் சுரண்டியாலோ கூராக்கிய மூங்கில் பட்டையாலோ அந்த ஈய வளையத்தைச் சுரண்டுங்கள். பிறை பிறையாகப் பெயர்ந்து வரும். எஃகு ஸ்குரூ டிரைவர் வேண்டாம். அலுமினியக் குழாயில் அது போடும் கோடு, அடுத்த முறை ஈயம் பிடிக்க வசதியான பள்ளமாகிவிடும்.

வளையம் போனபின்தான் தள்ளுவது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் தள்ளுங்கள். அழுக்கு மிகுந்த பேஃபிள் பின்பக்கம்தான் இருக்கிறது, அது குழாயில் இழுபடும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் ஈயம் ஒட்டிய பேஃபிள் குழாயின் முழு நீளத்துக்கும் உரசிக்கொண்டு வரும், பாதி வழியில் நின்றும் போகும். (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மாடல் என்றால் வேறு வழியில்லை, திறக்கும் பக்கமாகத்தான்.) தள்ளும் கோல் குழாயின் உள்விட்டத்தை விடக் கொஞ்சமே குறைந்த பருமனில், முனை தட்டையாக இருக்கட்டும், கடின மரம் அல்லது நைலான். மெல்லிய குச்சி வைத்தால் விசை பேஃபிளின் நடுக் கூம்பில் இறங்கி துளையைக் கோணலாக்கும். விளிம்பில் இறங்க வேண்டிய விசை அது. கைப்பிரஸ் இருந்தால் மெதுவாக அழுத்துங்கள், இல்லையென்றால் ரப்பர் சுத்தியல். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நிறுத்தி, எண்ணெய் விட்டு, மறுபடி.

நெருப்பு காட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஈயப் புகை நுரையீரலுக்குப் போகும், அலுமினியம் தன் பதத்தை இழந்து மென்மையாகும். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் செய்த நிறுவனத்துக்கோ உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்கோ அனுப்பிவிடுங்கள். அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் வரிசை எண் பொறித்த அந்தக் குழாய்தான் சைலன்சர். அதை நசுக்கிவிட்டு, கடையில் இன்னொரு குழாய் வாங்கிப் போட்டுக்கொள்ள முடியாது.

கேள்வி: வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சம அளவு கலந்து அதில் பேஃபிளைப் போட்டால் ஈயம் தானாகக் கரைந்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

கரைந்துவிடும், உண்மைதான். ஆனாலும் செய்யாதீர்கள் என்பதே எங்கள் பதில்.

பெராக்சைடு ஈயத்தை ஆக்சைடாக்குகிறது, வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அதைக் கரைக்கிறது. கிடைப்பது ஈய அசெட்டேட். கட்டி ஈயம் கையில் பட்டால் கழுவிவிடலாம். நீரில் கரைந்த ஈய உப்பு அப்படியல்ல. உடம்பு அதை எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். போதாக்குறைக்கு அது இனிக்கும். ‘ஈயச் சர்க்கரை’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் அப்படி ஒரு திரவம் திறந்த டப்பாவில் ஒரு மணி நேரம் இருப்பதுகூட ஆபத்து.

இரண்டாவது காரணம் உலோகம். இந்தக் கலவை அலுமினியத்தை அரிக்கும். பழைய .22 சைலன்சர்கள் பலவற்றில் முதல் பேஃபிள் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மற்றவை அலுமினியம். எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. மொத்தமாகப் போட்டு ஊறவைத்து, மறுநாள் துளை பெரிதாகிப்போன பேஃபிளை எடுப்பவர்கள் உண்டு.

அதனால் எந்த முறையானாலும் முதலில் உலோகத்தைக் கண்டறியுங்கள். கையில் எடுத்தாலே அலுமினியம் லேசாக இருப்பது தெரியும். காந்தம் பிடித்தால் அது எஃகு வகை. பிடிக்காவிட்டால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள், 304 போன்ற ஸ்டெயின்லெஸ் ரகங்களைக் காந்தம் பெரும்பாலும் பிடிக்காது, டைட்டானியத்தைப் பிடிக்கவே பிடிக்காது. கையேடோ நிறுவனத்தின் பதிலோ கிடைத்தால் அதுதான் உறுதி. தெரியவில்லை என்றால் அலுமினியம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஸ்டெயின்லெஸ் பேஃபிளுக்கு நல்ல வழி, தோட்டா உறைகளைக் கழுவும் ஈர டம்ளர் (தண்ணீரோடு சுழலும் டிரம்). பேஃபிள் மூழ்கத் தண்ணீர், சில துளி பாத்திரச் சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், ஸ்டெயின்லெஸ் ஊசிகள் போட்டு 2 முதல் 4 மணி நேரம் ஓடவிடுங்கள். வெளியே எடுத்ததும் ஒவ்வொரு பேஃபிளையும் வெளிச்சத்தில் பிடித்து, பக்கத் துளைகளில் ஊசி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். துளையில் குறுக்காக நிற்கும் ஒரே ஊசி போதும், தோட்டா திசை மாறி அடுத்த பேஃபிளில் மோத.

அலுமினியத்துக்கு டம்ளர் வேண்டாம், விளிம்புகள் மழுங்கிவிடும். கரைப்பானில் 2 நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சி, நைலான் பிரஷ், பித்தளைச் சுரண்டி கொண்டு கையால் எடுப்பதுதான். அடுப்புக் கறை நீக்கும் காரத் திரவங்கள் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். அல்ட்ராசோனிக் தொட்டி கரியை நன்றாக உதிர்க்கும், ஈயத்திடம் அவ்வளவாகப் பலிக்காது. மென்மையான உலோகம், அதிர்வை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். வெள்ளி மாதிரிப் பளபளக்கும்வரை தேய்க்கவும் தேவையில்லை. விளிம்பும் துளையும் பேஃபிள்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முகங்களும் சுத்தமானால் போதும். கூம்பின் சரிவில் கொஞ்சம் கறை இருப்பதால் எதுவும் கெடாது.

ஏற்கெனவே அந்தக் கலவையைச் செய்து வைத்திருப்பவர்களுக்கு: நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, திரவத்தையும் மூன்று முறை அலசிய தண்ணீரையும் ஒரே பிளாஸ்டிக் பாட்டிலில் சேருங்கள். மூடியை இறுக்கி முறுக்க வேண்டாம். பெராக்சைடு வாயு விட்டுக்கொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கலாம். மேலே ‘ஈயக் கழிவு – விஷம்’ என்று எழுதி, பூட்டி வைத்து, உங்கள் கவுன்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். சாக்கடையிலும் தோட்டத்திலும் ஊற்றவே கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஈயச் சொம்பில்தான் ரசம். ஈயம் அவ்வளவு விஷம் என்றால் பாட்டி காலத்திலிருந்து சாப்பிட்ட நாங்கள் எப்படி இருக்கிறோம்?
– வாசகி, ராலே

நல்ல கேள்வி. நம் மொழியில் ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குவதால் வந்த குழப்பம் இது. ரசச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். தோட்டாவில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். நல்ல வெள்ளீயச் சொம்பில் ரசம் வைக்கலாம். காரீயம் கலந்த மலிவுச் சொம்பு என்றால் புளித்தண்ணீரே அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும், ஆகவே நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

காரீயத்தில் ‘இதுவரை பரவாயில்லை’ என்று ஓர் அளவே கிடையாது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவை 2021-ல் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பேஃபிளைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்கும்போது கிளம்பும் தூசியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். சமையலறைத் தொட்டி கூடாது, சாப்பாட்டு மேசை கூடாது. கராஜில் கதவைத் திறந்துவைத்து, பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்து, முடிந்ததும் தாளை உள்பக்கமாக மடித்து ஈயக் கழிவோடு போடுங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் அந்தத் தூசியை அறை முழுக்க ஊதிவிடும். வேலை நடுவில் காபி வேண்டாம். கையுறை போட்டிருந்தாலும் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவுங்கள். சட்டையைத் தனியாகத் துவையுங்கள். அதே சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையின் பக்கமே வர வேண்டாம். அடிக்கடி சுடுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது, சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

கேள்வி: எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த பிறகுதான் எது முன்னால், எது பின்னால் என்று குறித்து வைக்காதது உறைத்தது. ஏழு பேஃபிள், அவற்றுக்கு இடையில் வைக்கும் நான்கு வளையம். எப்படி அடுக்குவது?
– வாசகர், கொலம்பஸ்

முதலில் ஒன்று: அடுக்கு சரி என்று உறுதியாகும்வரை இதை வைத்துச் சுடாதீர்கள். வரிசை தவறினால் சத்தம் கூடுவதோடு போகாது, தோட்டா பேஃபிளில் மோதும்.

தடயங்கள் இருக்கின்றன. ஸ்டீல் பேஃபிள் ஒன்றே ஒன்று இருந்தால் அது ரைஃபிளை ஒட்டிய முதல் பேஃபிள். எரிந்து முடியாத மருந்துத் துகளும் வாயுவும் முழு வேகத்தில் அடிப்பது அதைத்தான். அந்த இடத்தில் அலுமினியத்தை வைத்தால் துளை ஓரம் மணல் வீசியதுபோலக் குழிகுழியாகிவிடும். எல்லாமே ஒரே உலோகம் என்றால் துளையின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதிகம் அரித்து மங்கியிருப்பது பின்பக்கம், கூர்மை குறையாதது முன்பக்கம். மற்றவற்றை விட நீளமான வளையம் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் முதல் அறைக்கானது. முதல் அறை பெரிதாக இருப்பது வழக்கம்.

கூம்பு பேஃபிள்களில் கூம்பின் உச்சி சுடுகிறவரைப் பார்த்து, வாய் விரிந்த பக்கம் இலக்கைப் பார்த்து இருப்பதே பொதுவான அமைப்பு. பக்கவாட்டில் வெட்டிய துளைகள் உள்ள கே-பேஃபிள்களை ஒரே கோட்டில் வைப்பதா, ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைப்பதா என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. இதை ஊகிக்காதீர்கள். வரிசை எண்ணையும் மாடல் பெயரையும் எழுதிக் கேட்டால், பழைய மாடலானாலும் நிறுவனங்கள் வரைபடம் அனுப்புவதுண்டு. நிறுவனமே மூடிவிட்டது என்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் பார்த்துச் சொல்லட்டும்.

அடுக்கியபின் இரண்டு சோதனை. ஒன்று உயரம். குழாய்க்கு வெளியே, தட்டையான மேசையில் எல்லாவற்றையும் அடுக்குங்கள். ஆடாமல், இடைவெளி இல்லாமல் நேராக நிற்க வேண்டும். குழாய்க்குள் போட்டு மூடியைத் திருகும்போது, மூடி கடைசிச் சுற்றில் அடுக்கை அழுத்தி நிற்க வேண்டும். மூடி முழுதாக உட்கார்ந்தும் குலுக்கினால் கடகடவென்று கேட்டால் ஒரு வளையம் விட்டுப்போயிருக்கிறது. மூடி உட்காரவே மறுத்தால் ஒன்று தலைகீழாக இருக்கிறது, அல்லது இரண்டு முகங்களுக்கு நடுவே ஈயத் துணுக்கு சிக்கியிருக்கிறது. மூடியைப் பலவந்தமாக முறுக்கி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, நேர்ச் சோதனை. .22 குழலுக்கென்று துல்லியமாகச் செய்த நேர்க்கோல் விற்கிறார்கள். ரைஃபிளின் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பாகம்) வெளியே எடுத்து, அறை காலி என்று உறுதி செய்து, சைலன்சரை மாட்டி, கோலை முன்பக்கத்திலிருந்து செலுத்துங்கள். எங்கும் தட்டாமல் போக வேண்டும். முன்மூடியின் துளையில் பார்த்தால் கோலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறைபோல் அகன்று, எதிர்ப்பக்கம் ஒட்டினாற்போல் தெரிந்தால் நிறுத்துங்கள். அடுக்கு சாய்ந்திருக்கலாம், குழல் முனையின் மரையில் அழுக்கோ கோணலோ இருக்கலாம். மரையைத் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் குறை ரைஃபிளின் மரையில் இருக்கக்கூடும்.

அடுத்த முறைக்கு: முட்டை அட்டை ஒன்றில் குழிகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, வெளியே வரும் வரிசையிலேயே வையுங்கள். பேஃபிள் மேல் மார்க்கரால் எழுதினால் கரைப்பானில் அழிந்துவிடும். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம். கழுவும்போதும் ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, அதன் குழிக்கே திருப்புங்கள்.

கேள்வி: என்னுடையது இரண்டு பக்கமும் வெல்டிங் செய்து மூடிய பழைய மாடல். கழற்ற வழியே இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், அட்லாண்டா

.22-க்கு என்றால் விடக்கூடாது. முதலில் தராசில் நிறுத்து எடையை எழுதுங்கள். கையேட்டில் புதிதாக இருந்தபோதைய எடை இருந்தால், இப்போதைய எடையில் அதைக் கழித்தால் வருவதே உள்ளே தங்கிய அழுக்கு. 50, 60 கிராம் கூடியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், ஈயம் தண்ணீரை விட 11 மடங்கு கனம்.

ஒரு முனையைத் தக்கையால் அடைத்து, அலுமினியத்துக்கும் ஒத்துப்போகும் கரைப்பானை நிரப்பி, மறு முனையையும் அடைத்து, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். நடுநடுவே திருப்பி வையுங்கள். பிறகு டப்பாவில் வடித்து, மறுபடி நிரப்பி அலசி வடியுங்கள். வடிந்ததெல்லாம் ஈயக் கழிவு. முன்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மறுபடி எடை போடுங்கள். உண்மையைச் சொன்னால், இந்த முறையில் கரி போகும், ஈயத்தில் கொஞ்சம்தான் போகும். எடை குறையாமல் ஏறிக்கொண்டே போனால் செய்த நிறுவனத்திடம் அனுப்புவதே வழி. டிரில் பிட் விட்டுத் துளையைச் ‘சுத்தம்’ செய்வது, குழாயை அறுத்துத் திறப்பது இரண்டும் வேண்டாம். முதலாவது சைலன்சரைக் கெடுக்கும், இரண்டாவது உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டும்.

கேள்வி: தாத்தா காலத்து மாடல் ஒன்று. உள்ளே பேஃபிளுக்குப் பதில் ரப்பர் வில்லைகளும் கம்பிவலைச் சுருளும். ரப்பர் கிழிந்துவிட்டது. கடையில் ரப்பர் வாங்கி வெட்டிப் போடலாமா?
– வாசகர், பிட்ஸ்பர்க்

போடக்கூடாது. அந்த வில்லைக்கு ‘வைப்’ என்று பெயர். தோட்டா அதைத் துளைத்துக்கொண்டே போகும், வாயு பின்னால் நிற்கும். சத்தம் நன்றாகவே குறையும், ஆனால் சில டஜன் சுடுதலில் தேய்ந்துவிடும், தோட்டாவின் குறியையும் கொஞ்சம் கலைக்கும். அமெரிக்கச் சட்டத்தில் அந்த வில்லையும் சைலன்சரின் பாகமாகவே எண்ணப்படும். பதிவும் அனுமதியும் இல்லாமல் உரிமையாளர் தானே செய்வதும், உபரியாக வாங்கி வைப்பதும் குற்றம். உரிமம் பெற்றவர் மாற்றித் தரலாம்.

கம்பிவலை ரகமும் பழையதுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறை பயன்படுத்திய ஹை ஸ்டாண்டர்ட் எச்.டி.எம். என்ற .22 கைத்துப்பாக்கியில் இருந்தது கம்பிவலைதான். 1960 மே 1 அன்று சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானம் யூ-2-வின் விமானி கேரி பவர்ஸிடம் இருந்ததும் அந்த மாடல்தான். வலை வாயுவின் சூட்டை வேகமாக உறிஞ்சும், ஆனால் ஈயமும் கரியும் அடைத்துக்கொண்டால் பிரஷ் உள்ளே போகாது. கரைப்பானில் அலசி, உதறி, நன்றாகக் காயவைப்பது மட்டுமே முடியும். ஈரம் தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். சரித்திர மதிப்புள்ள பொருள் என்றால் சுடாமல், மெல்லிய எண்ணெய் பூசிப் பாதுகாப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: எத்தனை ரவுண்டுக்கு ஒரு முறை? என்னிடம் பெரிய ரைஃபிளுக்கான .308 சைலன்சரும் இருக்கிறது.
– வாசகர், டென்வர்

.22 என்றால் 300 முதல் 500 ரவுண்டுக்கு ஒரு முறை கழற்றுங்கள், பழைய மாடலுக்கு 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். .308 போன்றவற்றின் தோட்டாவுக்குச் செம்பு உறை உண்டு, அழுத்தமும் சூடும் அதிகம். ஈயம் அவ்வளவாகத் தங்காது. பெரும்பாலும் மூடிய மாடல்கள்தான். மரையைத் துடைப்பதும் எடையைக் கவனிப்பதும் போதும்.

கேள்வி: மறுபடி பூட்டும்போது உள்ளே எண்ணெய் பூசினால் ஈயம் ஒட்டாதாமே?
– வாசகி, நாஷ்வில்

ஓரளவு உண்மை. பேஃபிள்களின் வெளி விளிம்பில் சிலிகான் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிய படலமாகத் துடைத்துவிட்டால் அடுத்த முறை எளிதாக வெளியே வரும். சொட்டும்படி விட்டால் முதல் சில சுடுதலில் புகை கண்ணை மறைக்கும். மூடியின் மரைக்கு, அது இறுகிப்போகாமல் காக்கும், சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசை கடுகளவு. ஓ-ரிங்குகள் கரைப்பானில் ஊறி உப்பியிருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். உப்பிய ஓ-ரிங் மூடியைச் சாய்க்கும். மூடியைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் அரைக்கால் சுற்று, அவ்வளவே. மரையை ஒட்டவைக்கும் பசை எதுவும் வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் உறவினர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது பேஃபிளைக் கொண்டுவந்து சரிசெய்துகொள்ளலாமா?
– வாசகர், சான் அன்டோனியோ

தயவுசெய்து நினைக்கவும் வேண்டாம். இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959, துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் ‘துப்பாக்கி’ என்றே வரையறுக்கிறது. பெட்டியில் அது இருந்தால் விமான நிலையத்திலேயே கைது, உறவினரும் சேர்ந்து மாட்டுவார். அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோகவும் ஏற்றுமதி உரிமம் வேண்டும். அங்கே 1934-ல் வந்த சட்டப்படியான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கு இல்லை என்பதால் ‘எல்லாம் தளர்ந்துவிட்டது’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். போனது வரி மட்டும்தான். பதிவும் விரல்ரேகையும் அனுமதியும் அப்படியே இருக்கின்றன.

கேள்வி: சுத்தம் செய்து பூட்டியபின் குறி இரண்டு அங்குலம் தள்ளிப் போகிறது. முதல் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. ஏதாவது தவறா?
– வாசகர், ஆஸ்டின்

முதல் சத்தம் இயல்பானது. உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜனில் மிச்ச வாயு எரிவதால் வருகிறது. இரண்டாவதிலிருந்து அடங்கிவிடும்.

குறி தள்ளுவதை அப்படி விட முடியாது. ஈயம் போனதில் எடை குறைந்து, குழல் அதிரும் விதம் மாறியிருக்கலாம். அப்படியென்றால் ஐந்து குண்டும் புதிய இடத்தில் ஒன்றாகக் கூடி விழும், தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டால் போதும். குண்டுகள் சிதறி விழுந்தாலோ, காகிதத்தில் துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீண்டிருந்தாலோ உடனே நிறுத்துங்கள். தோட்டா எங்கோ உரசுகிறது. தோட்டாவை இறக்கி, சைலன்சரைக் கழற்றி, முன்மூடித் துளையின் உள் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாகச் சாம்பல் பூச்சோ பளபளக்கும் பள்ளமோ இருந்தால் அது உரசிய தடம். பேஃபிள்களைக் கழற்றி ஒவ்வொன்றிலும் அதே பக்கம் பாருங்கள். தடம் தொடங்கும் முதல் பேஃபிள்தான் சாய்ந்தது. அதன் பின்முகத்தில் பெரும்பாலும் சுரண்டாமல் விட்ட ஈயத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளம் விழுந்த பேஃபிளை அரம் போட்டுச் சரிசெய்யாமல் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வெறும் பூச்சு மட்டும் என்றால் துடைத்து, நேர்க்கோல் விட்டுப் பார்த்து, முதல் ஐந்து குண்டை ஒவ்வொன்றாக ஏற்றி, 10 மீட்டரில் வைத்த வெள்ளைக் காகிதத்தில் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் துளையைப் பாருங்கள். பத்தாவது குண்டுக்குப் பிறகு, சூடு ஆறியதும், சைலன்சரும் முன்மூடியும் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை கையால் திருகிப் பாருங்கள்.